கடைசி ஆண்டு ஒப்பந்தமா, நீண்ட ஒப்பந்தமா: கூடைப்பந்து நட்சத்திரத்தை வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் ஆட்டக்காரர் பரிமாற்றத்திற்கான கெடு பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு முடிகிறது. அது அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம். கோலாலம்பூரில் அப்போது வெள்ளிக்கிழமை விடியற்காலை 4 மணி. பிரிக்ஃபீல்ட்ஸில் இரவெல்லாம் திறந்திருக்கும் ஒரு மாமாக் கடையில் ஆண்டுதோறும் அந்த இரவைக் கழிக்கும் எங்கள் பத்துப் பேரில், கைப்பேசியில் ஒரு பெரிய பெயர் வந்து விழுந்ததும், அவர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி எடுப்பார், யாருடன் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று ஆளாளுக்குப் பேசத் தொடங்கிவிடுவோம். கணக்காய்வு வேலையில் இருக்கும் எங்கள் மூத்த அண்ணன் மட்டும் தே தாரிக் குவளையை ஓரமாக நகர்த்திவிட்டு, “அவனுக்கு இன்னும் எத்தனை வருஷம் பாக்கி இருக்கு?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் ஒரு பரிமாற்றத்தை நல்லது, கெட்டது என்று சொல்லவே முடியாது என்பதைப் பல ஆண்டுகளாக அவரிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

செய்தியைப் படித்துத் தாமே தீர்ப்புச் சொல்ல விரும்பும் ரசிகர்களுக்கும், எங்களைப் போல் ஆட்டக்காரர்களின் உண்மையான ஒப்பந்த ஆண்டுகளையே வைத்து நண்பர்களுக்குள் காகித லீக் நடத்துவோருக்கும் இந்த வழிகாட்டி பயன்படும். இதற்கு வேண்டியது ஒரு 555 புத்தகம் மட்டுமே. மளிகைக் கடையில் கடன் எழுத வைத்திருப்பார்களே, அந்தச் சிறிய புத்தகம்தான். ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம், அந்த ஆட்டக்காரர் உங்களிடம் இருக்கப்போகும் ஒவ்வொரு பருவத்தையும், அந்தப் பருவத்தில் அவருடைய வயதையும் சம்பளத்தையும் வரிசையாக எழுதுங்கள். வலப்பக்கம், நீங்கள் அவருக்காகக் கொடுப்பவற்றை, அவை எந்த ஆண்டு உங்கள் கையை விட்டுப் போகின்றனவோ அந்த ஆண்டுக்கு நேராக எழுதுங்கள். இனி நான் சொல்லப்போவதெல்லாம் இந்த இரண்டு பத்திகளை எப்படிப் பிழையில்லாமல் நிரப்புவது, நிரப்பிய பிறகு எப்படிப் படிப்பது என்பது பற்றியே.

கடைசி ஆண்டின் சாவி யாரிடம் இருக்கிறது

ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் ஆண்டுகளை அப்படியே எண்ணிவிடாதீர்கள். நட்சத்திரங்களின் ஒப்பந்தங்களில் கடைசி ஆண்டு பெரும்பாலும் ‘பிளேயர் ஆப்ஷன்’ ஆக இருக்கும். அந்த ஆண்டு ஆடுவதா, ஒப்பந்தத்தை விட்டு வெளியேறுவதா என்பதை ஆட்டக்காரரே முடிவு செய்வார். தன் மதிப்பு ஏறியிருக்கும் நட்சத்திரம் அங்கே வெளியேறுவார் என்றே கணக்கிட வேண்டும். 2018-இல் கவாய் லெனர்டை டொராண்டோ ரேப்டர்ஸ் வாங்கியபோது அவருடைய ஒப்பந்தம் காகிதத்தில் 2020 வரை நீண்டிருந்தது. உண்மையில் அவர் 2019 கோடையில் போக முடியும், போகவும் செய்தார். அதே பருவத்தில் ஃபிலடெல்ஃபியா வாங்கிய ஜிம்மி பட்லருக்கும், 2017-இல் ஓக்லஹோமா சிட்டி தண்டர் வாங்கிய பால் ஜார்ஜுக்கும், 2019-இல் லேக்கர்ஸ் வாங்கிய அந்தோணி டேவிஸுக்கும் நிலைமை இதுவே. ஆகவே ஆட்டக்காரர் கையில் இருக்கும் ஆண்டை இடப்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். குழுவின் கையில் இருக்கும் ஆண்டைப் பேனாவால் எழுதலாம்.

இந்தப் பாடத்திற்கு நான் விலை கொடுத்திருக்கிறேன். எங்கள் லீக்கில் ஒரு முறை, இரண்டு ஆண்டுகள் மீதம் இருப்பதாகப் பட்டியலில் பார்த்த ஒரு நட்சத்திரத்திற்காக இரண்டு இளம் ஆட்டக்காரர்களையும் அடுத்த ஆண்டின் முதல் தேர்வையும் (புதுமுகங்களில் ஒருவரை எடுக்கும் உரிமை) கொடுத்தேன். இரண்டாம் ஆண்டுக்குப் பக்கத்தில் இருந்த சிறிய நட்சத்திரக் குறியை நான் கவனிக்கவில்லை. ஜூன் மாதக் கடைசியில் அவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார். எங்கள் விதிப்படி அவர் பெயர் ஏலத்திற்குத் திரும்பியது. நான் கொடுத்த இளைஞர்களில் ஒருவர் இன்னும் நண்பரின் குழுவில் நன்றாக ஆடிக்கொண்டிருக்கிறார். அந்த 555 பக்கத்தை நான் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். வலப்பக்கம் நிறைந்தும் இடப்பக்கத்தில் ஒரே ஒரு வரியுமாக இருக்கும் அதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

கடைசி ஆண்டில் இருப்பவரை வாங்கும்போது கைக்கு வருவது

முதலாவதாக, மீதமுள்ள மாதங்கள் வருகின்றன. கோடையில் வாங்கினால் முழுப் பருவமும், அதன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளும் கிடைக்கும். பிப்ரவரியில் வாங்கினால் முப்பது ஆட்டங்களுக்குக் கொஞ்சம் கூடக் குறையக் கிடைக்கும், அதற்குள் புதிய குழுவோடு அவர் பழகியும் ஆக வேண்டும். இரண்டாவதாக ‘பேர்ட் உரிமை’ என்ற ஒன்று வருகிறது. பழைய பாஸ்டன் நட்சத்திரம் லாரி பேர்டின் பெயரால் வழங்கும் இந்த விதிப்படி, மூன்று பருவங்கள் தொடர்ந்து ஆடிய ஆட்டக்காரரை, இடையில் அவர் ஒரு குழுவால் விடுவிக்கப்படாமலும் ஃப்ரீ ஏஜென்டாக (ஒப்பந்தம் முடிந்து எந்தக் குழுவுக்கும் போகக்கூடியவராக) இடம் மாறாமலும் இருந்தால், அவருடைய குழு, ஒரு குழுவின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் உச்சவரம்பைத் தாண்டியும் மறுபடி ஒப்பந்தம் செய்யலாம். பரிமாற்றத்தின்போது இந்த உரிமை ஆட்டக்காரருடனேயே புதிய குழுவுக்குப் போய்விடுகிறது என்பதுதான் முக்கியம். கடைசி ஆண்டில் இருக்கும் ஒருவருக்கு ஒரு குழு பெரிய விலை கொடுக்கத் துணிவதற்கு இதுவே காரணம்.

அந்த உரிமை எவ்வளவு வலுவானது என்பதைப் பலர் மிகைப்படுத்திச் சொல்கிறார்கள்; எனவே அதைக் கணக்கிட்டே பார்த்துவிடுவோம். சொந்தக் குழு ஐந்து ஆண்டுகளுக்கும், முதல் ஆண்டுச் சம்பளத்தில் 8 விழுக்காடு ஆண்டு உயர்வோடும் ஒப்பந்தம் கொடுக்கலாம்; பிற குழு நான்கு ஆண்டுகளுக்கு, 5 விழுக்காடு உயர்வோடு மட்டுமே கொடுக்கலாம். முதல் ஆண்டுச் சம்பளம் 50 மில்லியன் டாலர் என்று வைத்துக்கொண்டால், சொந்தக் குழுவின் ஐந்து ஆண்டுத் தொகை 290 மில்லியன், பிற குழுவின் நான்கு ஆண்டுத் தொகை 215 மில்லியன். எழுபத்தைந்து மில்லியன் வித்தியாசம் என்று தலைப்புச் செய்தி வரும். ஆனால் பிற குழுவுக்குப் போனவர் ஐந்தாம் ஆண்டில் சும்மா இருக்கப்போவதில்லை; வேறொரு ஒப்பந்தத்தில் சம்பாதிப்பார். முதல் நான்கு ஆண்டுகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 224 மில்லியனுக்கும் 215 மில்லியனுக்கும் இடையில் ஒன்பதே மில்லியன்தான் இடைவெளி. மாநில வருமான வரி இல்லாத டெக்சஸுக்கோ ஃபுளோரிடாவுக்கோ போகிறவருக்கு அந்த ஒன்பதும் கரைந்துவிடலாம்.

2012 ஆகஸ்டில் டுவைட் ஹவர்டை லேக்கர்ஸ் நான்கு குழுக்கள் சேர்ந்த பெரிய பரிமாற்றத்தில் வாங்கியபோது, கூடுதல் பணம் அவரைக் கட்டி வைத்திருக்கும் என்றே எல்லோரும் எண்ணினார்கள். ஓராண்டு கழித்து, லேக்கர்ஸ் தரக்கூடிய ஐந்தாண்டு 118 மில்லியனை விட்டுவிட்டு, ஹூஸ்டனின் நான்காண்டு 88 மில்லியனை அவர் எடுத்துக்கொண்டார். வயது முப்பதை நெருங்கிவிட்ட, காயம் பட்ட ஆட்டக்காரருக்கு அந்த ஐந்தாம் ஆண்டு உண்மையிலேயே பெறுமதியானது. இளமையாக இருப்பவருக்கு அவ்வளவு இல்லை. ஹவர்டுக்கு அப்போது 27 வயது. ஆகவே பேர்ட் உரிமைக்கு விலை போடும்போது அவருடைய வயதைப் பார்த்து விலை போடுங்கள்.

போய்விட்டால் என்ன மிஞ்சும்

இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். “போனால் போகட்டும், சம்பளம் மிச்சமாகுமே, அந்தப் பணத்தில் இன்னொருவரை எடுத்துக்கொள்ளலாம்” என்று மாமாக் கடையில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது சொல்வார்கள். வெற்றிக்கு அருகில் இருக்கும் ஒரு குழுவைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் தவறு. 2025-26 பருவத்தின் சம்பள உச்சவரம்பு சுமார் 154.6 மில்லியன் டாலர். மொத்தச் சம்பளம் 190 மில்லியனாக இருக்கும் ஒரு குழுவிலிருந்து 45 மில்லியன் வாங்கும் நட்சத்திரம் போய்விட்டால், மிஞ்சுவது 145 மில்லியன். அதாவது வெளியிலிருந்து புதியவரை எடுக்க அந்தக் குழுவுக்குக் கிடைக்கும் இடம் பத்து மில்லியனுக்கும் குறைவு. 45 மில்லியன் ஆட்டக்காரருக்குப் பதிலாகப் பத்து மில்லியன் ஆட்டக்காரர். அவரைத் தக்கவைக்கத்தான் உச்சவரம்பைத் தாண்ட அனுமதி உண்டே தவிர, அவருக்கு மாற்றாள் தேட அந்த அனுமதி கிடையாது.

பிரிக்ஃபீல்ட்ஸில் கடை எடுத்து நடத்தியவர்களுக்கு இது புதிதல்ல. குத்தகையில் ஓராண்டு மட்டும் மீதம் இருக்கும் கடையை வாங்கி, அடுப்படியை மாற்றி, மேசை நாற்காலி போட்டு, பெயர்ப்பலகை மாட்டிய பிறகு உரிமையாளர் புதுப்பிக்க மறுத்தால், போட்ட பணத்தில் எதையும் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போக முடியாது.

அதனால் கடைசி ஆண்டில் இருப்பவரை வாங்கும் முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: இவர் கோடையில் கட்டாயம் போய்விடுவார் என்று இன்றே எழுதிக் கொடுத்தாலும் இதே விலையைக் கொடுப்பேனா? டொராண்டோவின் கணக்கை இந்தக் கேள்வியோடு சேர்த்துப் பாருங்கள். அவர்கள் டிமார் டிரோஸன், யாக்கோப் பெல்ட்டில் ஆகியோருடன் 2019-இன் முதல் சுற்றுத் தேர்வு ஒன்றையும் (ஆண்டுதோறும் குழுக்கள் முறை வைத்துப் புதுமுகங்களை எடுக்கும் உரிமை; பின்தங்கிய குழுவுக்கு முறை முன்னதாக வரும்) கொடுத்து, லெனர்டையும் டேனி கிரீனையும் எடுத்தார்கள். லெனர்ட் அதற்கு முந்தைய பருவத்தில் காயத்தால் ஒன்பது ஆட்டங்கள் மட்டுமே ஆடியிருந்தார். லாஸ் ஏஞ்சலஸுக்குப் போகவே விரும்புகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்படியும் அந்த விலை தாங்கக்கூடியதாக இருந்தது, ஏனென்றால் கொடுத்த தேர்வு அவர் அங்கே இருக்கப்போகும் அதே பருவத்தைச் சேர்ந்தது. குழு நன்றாக ஆடினால் அது கடைசி வரிசையில்தான் விழும். அவ்வாறே அது 29-ஆவது தேர்வாகப் போனது, டொராண்டோ கோப்பையைத் தூக்கியது, லெனர்ட் இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரரானார், ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குப் போனார். 555 பக்கத்தில் வலப்பக்கத்தின் கடைசி வரியும் இடப்பக்கத்தின் கடைசி வரியும் ஒரே ஆண்டில் முடிந்தன.

அந்த ஆண்டு மே 12-ஆம் தேதி நடந்த ஏழாவது ஆட்டத்தை, இங்கே திங்கட்கிழமை காலையில், வேலைக்குத் தாமதமானாலும் பரவாயில்லை என்று பார்த்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்: லெனர்ட் மூலையிலிருந்து எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை குதித்து உள்ளே விழுந்தது. எதிரே நின்ற ஃபிலடெல்ஃபியாவின் பட்லரும் ஓராண்டு ஆட்டக்காரர்தான். ஜூலை தொடக்கத்திற்குள் இருவருமே அந்தக் குழுக்களை விட்டுப் போய்விட்டார்கள். ஃபிலடெல்ஃபியாவுக்கு ஒரு ஆறுதல் இருந்தது: பட்லரை மயாமிக்கு ‘சைன்-அண்ட்-டிரேட்’ முறையில், அதாவது புது ஒப்பந்தம் போட்டு உடனே பரிமாற்றமாக அனுப்பி, பதிலுக்கு ஜாஷ் ரிச்சர்ட்சனைப் பெற்றார்கள். டொராண்டோவுக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஆனால் கோப்பை இருந்தது.

கடைசி ஆண்டில் வாங்கி, தக்கவைத்து, அதனால் உயர்ந்த குழுவுக்கு இண்டியானா நல்ல சான்று. 2024 ஜனவரியில் பாஸ்கல் சியாகமுக்காக அவர்கள் கொடுத்தவற்றுள் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகள் இருந்தன; அவற்றில் இரண்டு அதே 2024-ஆம் ஆண்டுக்கு உரியவை, மூன்றாவது 2026-க்கு உரியது. தொலைதூர எதிர்காலத்தில் கை வைக்கவில்லை. கோடையில் அவர் நான்கு ஆண்டுகளுக்குக் கையெழுத்திட்டார். 2025-இல் இண்டியானா இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் வரை போனது. சியாகமுக்கு அங்கே ஒரு தெளிவான இடம் இருந்தது, பந்தை வேகமாகக் கொண்டுபோகும் குழு அவருடைய ஓட்டத்துக்கு ஒத்துப்போனது. தங்குவாரா என்று ஊகிக்கும்போது அவர் பிறந்த ஊரையும் பேட்டிகளையும் பார்ப்பதைவிட, குழுவில் அவருக்கென்று என்ன வேலை இருக்கிறது என்று பாருங்கள். பால் ஜார்ஜ் கலிபோர்னியாவுக்குத் திரும்புவார் என்று ஓராண்டு முழுவதும் எழுதினார்கள். 2018 கோடையில் அவர் ஓக்லஹோமாவிலேயே கையெழுத்திட்டார். ஆனாலும் ஓராண்டு கழித்துத் தன்னை அனுப்பிவிடச் சொன்னார், அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நீண்ட ஒப்பந்தத்தோடு வருபவர்

நீண்ட ஒப்பந்தம் உள்ளவரை வாங்கினால் கோடையில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. அந்த நிம்மதிக்கு விலை உண்டு. அந்த விலை முதல் நாளில் தெரியாது. இடப்பக்கத்தில் எழுதிய வயதுப் பத்தியின் கடைசி இரண்டு வரிகளில்தான் அது இருக்கிறது. மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் அந்த இரண்டு வரிகளைப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

லீக்குக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையே 2023-இல் நடைமுறைக்கு வந்த கூட்டு ஒப்பந்தம் இந்தச் சுமையை முன்னைவிடக் கூட்டிவிட்டது. மொத்தச் சம்பளம் ஓர் அளவை மீறினால் குழு கட்ட வேண்டிய ஆடம்பர வரிக்கு மேலே ‘ஏப்ரன்’ என்று இரண்டு கோடுகள் போட்டிருக்கிறார்கள். 2025-26 பருவத்தில் முதல் கோடு சுமார் 195.9 மில்லியன், இரண்டாவது சுமார் 207.8 மில்லியன். முதல் கோட்டைத் தாண்டிய குழு, பரிமாற்றத்தில் கொடுப்பதைவிட அதிகச் சம்பளத்தை உள்ளே எடுக்க முடியாது. இரண்டாவது கோட்டைத் தாண்டிய குழு, இரண்டு மூன்று ஆட்டக்காரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆட்டக்காரரை வாங்க முடியாது. ஏழு ஆண்டுகளுக்குப் பிந்தைய முதல் சுற்றுத் தேர்வையும் விற்க முடியாது. பழைய நாட்களில் பணக்கார உரிமையாளர் வரி கட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்வார். இப்போது பணம் இருந்தாலும் கதவு மூடியிருக்கிறது. ஆகவே பெரிய சம்பளத்தில் சரிந்துவரும் ஒரு நட்சத்திரம், தன் சம்பளத்தோடு நில்லாமல், குழுவின் மற்ற எல்லா வேலைகளையும் சேர்த்தே முடக்கிவிடுகிறார்.

மில்வாக்கியின் பக்கத்தை நானே என் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். 2023 செப்டம்பரில் டேமியன் லில்லர்டை எடுத்தார்கள். இடப்பக்கம் 2026-27 வரை நான்கு வரிகள். வயது 33-இல் தொடங்கி 36-இல் முடிகிறது. வலப்பக்கம் ஜூரூ ஹாலிடே, பிறகு 2029-இன் முதல் சுற்றுத் தேர்வு, 2028-இலும் 2030-இலும் இரு குழுக்களின் தேர்வுகளில் மேலானதை எதிர்க்குழு எடுத்துக்கொள்ளும் இடமாற்று உரிமை. இரண்டு முறையும் பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள். 2025 ஏப்ரலில் லில்லர்டின் குதிகால் தசைநார் அறுந்தது. அந்தக் கோடையில் மில்வாக்கி அவரை விடுவித்து, மீதமிருந்த இரண்டு ஆண்டுச் சம்பளத்தை ஐந்து ஆண்டுகளுக்குப் பரப்பியது. மீதமுள்ள ஆண்டுகளை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டுவது அந்த விதியின் கணக்கு. அதனால் ஆண்டுக்குச் சுமார் 22.5 மில்லியன் டாலர், இனி அவர்களுக்காக ஆடப்போகாத ஒருவரின் பெயரில் 2030 வரை ஏட்டில் நிற்கிறது. இடப்பக்கத்தில் 2025-க்குப் பிறகு ஆட்டம் இல்லை. வலப்பக்கத்தில் 2030 வரை கடன் இருக்கிறது.

காயம் எவருக்கும் வரலாம், அதை வைத்து ஒரு முடிவைக் குறை சொல்லலாமா என்று கேட்பது நியாயமே. ஆனால் 33 வயதில் தொடங்கும் நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் காயத்திற்கும் சரிவுக்கும் ஒரு வரி ஒதுக்கிவிட்டுத்தான் விலை பேச வேண்டும். ஃபீனிக்ஸ் அதையும் செய்யவில்லை என்று நினைக்கிறேன். 2023 பிப்ரவரியில் 34 வயது கெவின் டுரான்டுக்காக மிக்கால் பிரிட்ஜஸ், கேமரன் ஜான்சன் ஆகியோருடன் 2023, 2025, 2027, 2029 ஆகிய நான்கு ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளையும், எந்தப் பாதுகாப்பும் இல்லாமல், அதாவது எந்த இடத்தில் விழுந்தாலும் கொடுத்தாக வேண்டும் என்ற நிலையில் கொடுத்தார்கள். டுரான்டின் அப்போதைய ஒப்பந்தமோ 2026-இல் முடிவதாக இருந்தது. அதே ஆண்டு கோடையில் பிராட்லி பீலையும் எடுத்தார்கள். அவருடைய ஐந்தாண்டு 251 மில்லியன் ஒப்பந்தத்தில், அவர் சம்மதிக்காமல் அவரை எந்தக் குழுவுக்கும் அனுப்ப முடியாது என்ற பிரிவும் கூடவே வந்தது. 2024-25 பருவத்தில் 36 வெற்றி, 46 தோல்வியோடு பிளேஆஃபுக்கே போகவில்லை. 2025 கோடையில் டுரான்டை ஹூஸ்டனுக்கு அனுப்பி, பீலைப் பணம் கொடுத்து விடுவித்தார்கள். நீண்ட ஒப்பந்தம் என்றால் ஆண்டுகளை மட்டும் பார்க்காமல், அதற்குள் இருக்கும் பிரிவுகளையும் படிக்க வேண்டும் என்பதற்குப் பீலை விட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இவை எல்லாவற்றையும் பார்த்து நீண்ட ஒப்பந்தமே ஆபத்து என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 2022-இல் ரூடி கோபேருக்கு மினசோட்டா கொடுத்த நான்கு முதல் சுற்றுத் தேர்வுகளைப் பார்த்து நாங்கள் தலையில் கை வைத்தோம். 2024-இலும் 2025-இலும் அந்தக் குழு மேற்குப் பிரிவு இறுதிக்குப் போனது. கோபேரின் பலம் உயரமும் தற்காப்பு அறிவும். வேகத்தையும் துள்ளலையும் நம்பி வாழும் ஆட்டக்காரரைப் போல் அது சட்டென்று தேய்வதில்லை. வயதுப் பத்தியைப் படிக்கும்போது அவர் எதை வைத்துச் சம்பாதிக்கிறார் என்பதையும் பக்கத்தில் ஒரு சொல்லில் எழுதுங்கள்.

வலப்பக்கத்தை ஆண்டோடு சேர்த்துப் படிப்பது

முதல் சுற்றுத் தேர்வு என்பது ‘ஒன்று’, ‘இரண்டு’ என்று எண்ண வேண்டிய பொருள் அல்ல. அது எந்த ஆண்டுக்கு உரியது என்பதில்தான் அதன் விலை இருக்கிறது. நட்சத்திரம் உங்களிடம் இருக்கும் ஆண்டில் உங்கள் தேர்வு கடைசி வரிசையில் விழும், அதைக் கொடுப்பதில் பெரிய இழப்பில்லை. அவர் போன பிறகு வரும் ஆண்டின் தேர்வுதான் உங்கள் குழு மறுபடி எழும்ப வேண்டிய படிக்கட்டு. ஸ்டெப்பியன் விதிப்படி அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வை விற்க முடியாது. அதனால் நான்கு தேர்வு கேட்கும் விற்பனையாளர் ஓராண்டு விட்டு ஓராண்டாகக் கேட்பார். அது தானாகவே ஏழு ஆண்டுகள் வரை நீண்டுவிடும். டுரான்ட், லில்லர்ட், கோபேர் ஆகிய மூவரின் பக்கங்களிலும் 2029 என்று எழுதியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

இப்போது பால் ஜார்ஜின் கதைக்கு வருகிறேன். 2019-இல் ஓக்லஹோமா அவரைக் கிளிப்பர்ஸுக்கு அனுப்பியபோது, அவருக்குப் புது ஒப்பந்தத்தின் மூன்று ஆண்டுகள் மீதம் இருந்தன. பதிலுக்கு ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டரும், டனிலோ கலினாரியும், ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகளும், இரண்டு இடமாற்று உரிமைகளும் கிடைத்தன. ஜார்ஜ் 2024 கோடையில், கிளிப்பர்ஸுக்குப் பதிலுக்கு எதுவும் கிடைக்காமலே, ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார். அப்போதும் கிளிப்பர்ஸின் 2026-ஆம் ஆண்டுத் தேர்வு ஓக்லஹோமாவின் பெயரிலேயே இருந்தது. 2022-இன் தேர்வில் ஓக்லஹோமா எடுத்தவர் ஜேலன் வில்லியம்ஸ். அவரும் கில்ஜியஸ்-அலெக்சாண்டரும் சேர்ந்து 2025 கோப்பையைத் தூக்கியதைப் பார்த்த காலையில், அண்ணன் தன் 555 புத்தகத்தைத் திறந்து, 2019-இல் எழுதிய பக்கத்தை எங்களுக்குக் காட்டினார்.

என் சொந்த விதி இது: இடப்பக்கத்தின் கடைசிப் பேனா வரிக்குக் கீழே வலப்பக்கத்தில் ஒரு தேர்வுக்கு மேல் இருந்தால் நான் கையெழுத்திடுவதில்லை. அப்படியும் விற்பனையாளர் பிடிவாதமாக இருந்தால், முதல் பத்து இடங்களுக்குள் விழுந்தால் கொடுக்க வேண்டியதில்லை என்பது போன்ற பாதுகாப்பைக் கேட்கலாம், அல்லது அந்தத் தேர்வுக்குப் பதிலாக ஓர் இளம் ஆட்டக்காரரைக் கூட்டிக் கொடுக்கலாம்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்

ஒன்றரை இரண்டு ஆண்டுகள் மீதமிருந்து, ஒப்பந்தத்தை நீட்டிக்கும் தகுதி நெருங்கிக்கொண்டிருக்கும் இளம் நட்சத்திரமே எனக்குப் பிடித்த கொள்முதல். 2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை மதியம், வாழையிலைச் சாப்பாட்டின் நடுவே லூக்கா டோன்சிச்சை லேக்கர்ஸ் எடுத்த செய்தி வந்தபோது, எங்கள் மேசையில் யாரும் நம்பவில்லை. டாலஸில் அவர் தங்கியிருந்தால் ஐந்தாண்டுகளுக்குச் சுமார் 345 மில்லியன் வரை பெறத் தகுதி பெற்றிருப்பார். இடம் மாறியதால் அந்தச் சலுகை போய்விட்டது. பரிமாறப்பட்ட ஆட்டக்காரருக்கு ஆறு மாதங்கள் கழிந்த பிறகே முழு அளவிலான நீட்டிப்பு கொடுக்கலாம் என்பதால், ஆகஸ்ட் 2-ஆம் தேதி வரை லேக்கர்ஸ் காத்திருந்து, அன்றைக்கே 165 மில்லியனுக்கு மூன்று ஆண்டு நீட்டிப்பில் கையெழுத்து வாங்கியது. ஆகவே இப்படிப்பட்டவரை வாங்கும்போது, பரிமாற்ற நாளோடு ஆறு மாதத்தைக் கூட்டி அந்தத் தேதியைப் பக்கத்தின் தலைப்பில் எழுதுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகும் கையெழுத்து விழவில்லை என்றால், இடப்பக்கத்தைக் கடைசி ஆண்டு ஒப்பந்தமாகவே பாவித்து மறுபடி கணக்கிட வேண்டும்.

முடிந்தால் பரிமாற்றத்திற்கு முன்பே நீட்டிப்பைப் பேசி முடிப்பது இன்னும் நல்லது. 2007-இல் பாஸ்டன் கெவின் கார்னெட்டுக்காக ஐந்து ஆட்டக்காரர்களையும் இரண்டு தேர்வுகளையும் கொடுத்தபோது, அவருடைய மூன்றாண்டு நீட்டிப்பும் அதே பேச்சில் முடிந்தது. அடுத்த ஆண்டு கோப்பை வந்தது.

காகித லீக்கில் இதைச் செய்யும்போது

எங்களைப் போன்ற லீக்குகளில் பேர்ட் உரிமை தானாக வராது. உங்கள் விதியில் எழுதியிருந்தால்தான் உண்டு. நான் ஏமாந்த ஆண்டுக்குப் பிறகு எங்கள் பத்துப் பேரும் கூடி, ஒப்பந்தம் முடிந்தவரின் ஏலத் தொகை எவ்வளவு போனாலும், அதே தொகையைக் கட்டி அவரைத் திரும்ப எடுக்கும் முதல் உரிமை பழைய உரிமையாளருக்கு உண்டு என்று எழுதிக்கொண்டோம். அந்த ஒரு வரி வந்த பிறகுதான் கடைசி ஆண்டு ஆட்டக்காரர்களுக்கு எங்கள் லீக்கில் சரியான விலை உண்டானது. அப்படி எழுதாத லீக்கில் நீங்கள் ஆடினால், அவர்களை மாதக் கணக்கில் மட்டும் விலை போடுங்கள்.

கெடு முடிந்த பிறகு செய்ய வேண்டியது

கடைசி ஆண்டுக்காரர் ஒருவரை வாங்கியிருந்தால், பிப்ரவரியோடு உங்கள் வேலை முடியவில்லை. 2024 முதல், இறுதிச் சுற்று முடிந்த மறுநாளே ஒரு குழு தன் சொந்த ஃப்ரீ ஏஜென்டுகளுடன் பேச்சைத் தொடங்கலாம். பிற குழுக்கள் ஜூன் 30 மாலை 6 மணி வரை, அதாவது இங்கே ஜூலை 1 காலை 6 மணி வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைப்பட்ட நாட்கள்தாம் நீங்கள் வாங்கிய உரிமை உண்மையில் வேலை செய்யும் காலம். அந்த நாட்களில் செய்தி எதுவும் வராமல் ஜூலை 1 விடிந்துவிட்டால், இடப்பக்கத்தை அழித்துவிட்டு, ‘சைன்-அண்ட்-டிரேட்’ முறையில் அவரை எடுக்கக்கூடிய குழுக்களின் பெயர்களை எழுதத் தொடங்குங்கள். அந்த முறையில் ஒருவரை எடுக்கும் குழு அந்தப் பருவம் முழுவதும் முதல் ஏப்ரனைத் தாண்ட முடியாது என்பதால் பட்டியல் முதலிலேயே சிறியது. அன்று காலை ஒவ்வொரு குழுவும் தன் இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கக் கொடுக்க அது இன்னும் குறைந்துகொண்டே போகும்.